புளிப்பது போத்தலுக்கு, மற்றது வெயிலுக்கு: வன்னிக் குசினிக்கு ஒரு சேமிப்பு வழிகாட்டி

மாசி பிறந்தால் விசுவமடு, தருமபுரம், முத்தையன்கட்டுப் பக்கமெல்லாம் தக்காளி விலை விழுந்துவிடும். சந்தைக்குப் போன பெட்டிகள் திரும்பி வந்து மாட்டுக்குப் போகும். அதே வீட்டார் கார்த்திகை மழைக்குள் தம்புள்ளையிலிருந்து வந்த தக்காளியை, கடைக்காரர் சொன்ன விலைக்கு, கால் கிலோ அரைக் கிலோவாக வாங்குவார்கள். மாங்காய்க்கும் தேசிக்காய்க்கும் இதே கதைதான். மாசியில் எறிவதைக் கார்த்திகையில் காசு கொடுத்து வாங்காமல் இருக்க என்ன வழி என்பதை இங்கே எழுதுகிறேன். புதிதாகக் காணி எடுத்துக் குடிவந்தவர்கள், தனிக்குடித்தனம் தொடங்கியவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பித் தோட்டத்தை நம்பி இருக்கப் பார்ப்பவர்கள் என்று, இந்த வேலையை முன்பின் செய்து பழகாத எவருக்கும் இது பொருந்தும்.

பானையை அடுப்பில் வைக்கமுன் ஒரு விதியை மனதில் வையுங்கள். புளிப்பான பொருளைப் போத்தலில் அடைக்கலாம். புளிப்பில்லாததை வெயிலில் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் உப்பில் போட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

காரணம் இதுதான். குளொஸ்திரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி மண்ணில் எங்கும் இருக்கிறது. அதன் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. 100 பாகையில் வெகுநேரம் வேகவைத்தாலும் தப்பிவிடும். பிறகு காற்றில்லாத போத்தலுக்குள், புளிப்பில்லாத சாப்பாட்டில், நம் ஊர் வெக்கையில் ஆறுதலாக முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு நரம்பைத் தாக்குகிறது. பார்வை இரண்டாகத் தெரியும், இமை விழும், நாக்குக் குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சே நிற்கலாம். சாப்பாட்டில் மணமும் நிறமும் மாறாமலே நஞ்சு இருக்கலாம் என்பதுதான் இதில் மோசமான பகுதி. ஆனால் புளிப்பு ஓரளவுக்கு மேல் இருந்தால், அதாவது பீ.எச். அளவு (புளிப்பைக் காட்டுகிற எண், புளிப்புக் கூடக் கூட இது குறையும்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அந்த வித்து முளைக்காது. கொதிநீர் மற்றக் கிருமிகளைப் பார்த்துக்கொள்ளும், புளிப்பு இதைப் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே பயிற்றங்காய், போஞ்சி, கத்தரி, பூசணி, மரவள்ளி, பலாக்கொட்டை, பருப்பு, மீன், இறைச்சி, தேங்காய்ப்பால் விட்ட எந்தக் கறியும் போத்தலில் அடைக்கக் கூடாது. வெளிநாட்டு வீடியோக்களில் இறைச்சியைக்கூட அடைத்து அடுக்கி வைத்திருப்பார்கள். அவர்கள் பாவிப்பது அமுக்கமானி பூட்டிய தனிக் கலன். அதற்குள் வெப்பம் 116 பாகைக்குப் போகும், எவ்வளவு நேரம் என்பதும் சோதித்துச் சொல்லப்பட்டது. நம் வீட்டு பிரஷர் குக்கர் சின்னது. கெதியாகச் சூடேறிக் கெதியாக ஆறும், அந்த நேரக்கணக்கு அதற்குப் பொருந்தாது. குக்கரில் பருப்பு அவியுங்கள், போத்தலை அதற்குள் வைக்க வேண்டாம்.

பழம் என்றாலே புளிப்பு என்றும் நினைக்காதீர்கள். பப்பாசி, வாழைப்பழம், வத்தகப்பழம் மூன்றும் இந்தக் கணக்கில் தேறாது. பப்பாசி அதிகம் காய்த்தால் பச்சைக் காயாகவே பறித்துக் கறிக்கும் சம்பலுக்கும் எடுங்கள், பழுத்ததை அயலில் பகிருங்கள்.

சாமான்கள்

கண்ணாடிப் போத்தலும், உட்பக்கம் றப்பர் போன்ற வளையப் பூச்சுள்ள உலோக மூடியும் வேண்டும். கடை ஜாம் வந்த போத்தலைக் கழுவி வைத்திருந்தால் போத்தல் உதவும், மூடி உதவாது. ஒருமுறை அமுங்கிய பூச்சு அடுத்தமுறை காற்றை மறிக்கும் என்று நம்ப முடியாது. பொதியிடும் சாமான் விற்கிற கடைகளில் புது மூடி கேட்டுப் பாருங்கள். போகும்போது போத்தலையும் கையோடு கொண்டுபோனால்தான் வாய் அளவு சரிவரும். போத்தல் விளிம்பில் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்காவது உடைந்து முள்ளாகத் தட்டுப்பட்டால் அது சீனி போட்டு வைக்கத்தான். பழைய போத்தல்கள் கொதியில் வெடிப்பதும் உண்டு, அதனால் சின்னப் பிள்ளைகளை அடுப்படியில் விடாதீர்கள்.

பானை உயரமாக இருக்க வேண்டும். நிற்கிற போத்தலுக்கு மேலே 3 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கவும், அதற்கு மேல் கொதிக்கவும் இடம் வேண்டும். பொங்கலுக்கு எடுக்கிற கிடாரம் போதும். அடியில் துணியை மடித்துப் போடுங்கள், போத்தல் நேரே அடியில் இருந்தால் கீறிவிடும். முக்கால் மணித்தியாலம் தளதளவென்று கொதிக்க வேண்டியிருப்பதால் காஸ் கட்டுப்படியாகாது, முற்றத்து விறகடுப்பே மேல். காவோலை பற்றி எரிந்து உடனே அடங்கிவிடும். பாலை, வீரை போன்ற வைரமான விறகுதான் நின்று எரியும்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் சுண்ணாம்புத் தண்ணீர் அதிகம். போத்தலில் வெள்ளைப் படலம் பிடிக்கும். கிடாரத்துத் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி ஊற்றினால் பிடிக்காது. பிடித்தாலும் கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் ஒரு மாதிரி.

தக்காளியை அடைத்தல்

இதை ஒழுங்காகப் பழகினால் மற்றதெல்லாம் இலேசு. ஒரு லீற்றர் போத்தலுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தக்காளி பிடிக்கும்.

1. பழுத்த, இறுக்கமான பழமாக எடுங்கள். கறுத்தது, வெடித்துப் பூஞ்சணம் பிடித்தது வேண்டாம். வாடல் நோய் வந்து செத்த செடியில் தொங்கும் பழத்தையும் எடுக்காதீர்கள். அவற்றில் புளிப்புக் குறைந்திருக்கும். எறிய மனம் வராது என்பது தெரியும். அன்றைக்கே குழம்பில் போட்டு முடியுங்கள், போத்தலுக்கு வேண்டாம்.

2. போத்தல்களைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுடுதண்ணீரிலேயே போட்டு வையுங்கள். ஆறின போத்தலில் கொதிக்கிற தக்காளியை ஊற்றினால் அடி கழன்று நிற்கும்.

3. தக்காளியை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். தோல் தானாகச் சுருளும். உரித்து, காம்புக் கட்டியை வெட்டி, நாலாகப் பிளவுங்கள். உரித்த தோலைச் சுளகில் பரவி இரண்டு நாள் காயவைத்து இடித்தால் ரசத்துக்கு ஒரு தூள் கிடைக்கும்.

4. சட்டியில் முதல் ஒரு பங்கைப் போட்டு அகப்பையால் மசித்துக் கொதிக்க விடுங்கள். சாறு ஊறியதும் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிண்டுங்கள். மிச்சத்தை மசிக்கத் தேவையில்லை. எல்லாம் சேர்ந்த பிறகு 5 நிமிடம் கொதித்தால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

5. இப்போதுதான் முக்கியமான இடம். தக்காளியின் புளிப்பு அந்த 4.6 என்ற கோட்டில்தான் ஊசலாடும். சில இனம் கீழே நிற்கும், சில இனம் மேலே போய்விடும், நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு போத்தலிலும் சிற்றிக் அசிட் தூள் போட வேண்டும்: அரை லீற்றருக்குக் கால் தேக்கரண்டி, ஒரு லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி. கேக் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். தேசிக்காய் பிழிந்தால் ஆகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். காய்க்குக் காய் புளிப்பு மாறும், அதை நம்பி அளக்க முடியாது. புளிப்புத் தூக்கலாகத் தெரிந்தால் சமைக்கும்போது ஒரு சிட்டிகை சீனி போடுங்கள், தூளைக் குறைக்காதீர்கள்.

6. கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். வாயிலிருந்து ஒரு விரல் அகலம் வெறுமையாக விடுங்கள். மெல்லிய அகப்பைக் காம்பை ஓரமாக விட்டுச் சுற்றினால் உள்ளே நின்ற காற்றுக் குமிழ் மேலே வரும். சுத்தமான ஈரத்துணியால் விளிம்பைத் துடையுங்கள். ஒரு தக்காளி விதை ஒட்டியிருந்தாலே மூடி பிடிக்காது. மூடியை விரல் நுனிப் பிடியில் இறுக்குங்கள், முழுப் பலமும் வேண்டாம்.

7. கிடாரத்தில் இறக்குங்கள். தண்ணீர் மூடிக்கு மேலே நின்று, முழுக்கொதி வந்த பிறகே நேரத்தை எண்ண வேண்டும். அரை லீற்றருக்கு 35 நிமிடம், ஒரு லீற்றருக்கு 45 நிமிடம். நடுவில் கொதி அடங்கினால் மறுபடி கொதித்த நேரத்திலிருந்து புதிதாக எண்ணுங்கள். மலைநாட்டில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும், அங்கே நேரம் கூட வேண்டும். வன்னி முழுவதும் 300 மீற்றருக்குக் கீழே என்பதால் நமக்கு இந்தக் கணக்கே சரி. நுவரெலியாவில் இருக்கிற மச்சாளுக்கு இதை அப்படியே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

8. அடுப்பை அணைத்து 5 நிமிடம் விட்டு, போத்தல்களை நிமிர்த்தியபடியே தூக்கி, மடித்த சாக்கிலோ பலகையிலோ இடைவெளி விட்டு வையுங்கள். வெறும் சீமெந்து நிலத்தில் வைத்தால் வெடிக்கும். மூடியை மறுபடி இறுக்க வேண்டாம், கவிழ்க்கவும் வேண்டாம். ஆறும்போது மூடி நடுவில் உள்வாங்கும், சிலவேளை டக்கென்று சத்தமும் கேட்கும்.

மறுநாள் மூடியின் நடுவை விரலால் அமத்திப் பாருங்கள். அசையாமல் குழிந்து நின்றால் சரி. மேலும் கீழும் துள்ளினால் அது அடைபடவில்லை. பிறிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுங்கள்.

வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, எண்ணெய் எதையும் இந்தப் போத்தலுக்குள் சேர்க்கக் கூடாது. அவை புளிப்பைக் குறைக்கும், இந்த நேரக்கணக்கும் குழம்பிவிடும். தாளிப்பெல்லாம் போத்தல் திறந்த பிறகு.

எங்கே வைப்பது? புதியவர்கள் யோசிக்காத விடயம் இது. 35 பாகைக்கு மேல் போகிற இடத்தில் அடைத்த போத்தல் இருக்கக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே, குசினித் தட்டின் உச்சியில், சித்திரை வைகாசியில் அதைவிடக் கூடச் சுடும். நடு அறையில், கட்டிலுக்குக் கீழே, இருட்டாக வையுங்கள். போத்தலில் திகதி எழுதுங்கள். ஒரு வருடத்துக்குள், அடுத்த தக்காளி வருமுன், முடித்துவிடுங்கள்.

திறக்கும்போது மூடி வீங்கியிருந்தால், பீச்சி அடித்தால், நுரை தெரிந்தால், பூஞ்சணம் இருந்தால், ருசி பார்க்கவே வேண்டாம். மாட்டுக்கும் கோழிக்கும் நாய்க்கும் போடாதீர்கள். போத்தலோடு பையில் கட்டி ஆழமாகத் தாட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சாப்பிட்ட பிறகு யாருக்காவது பார்வை இரட்டித்தால், பேச்சுக் குழறினால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆசுப்பத்திரிக்குப் போய், என்ன சாப்பிட்டது என்பதையும் சொல்லுங்கள்.

ஜாம், ஊறுகாய்

வன்னிக் காணிகளில் சும்மா விழுந்து கிடக்கிற விளாம்பழம் ஜாமுக்கென்றே பிறந்தது. புளிப்பும் உண்டு, இறுக வைக்கிற பெக்டினும் உண்டு. களியைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கொதிக்கவைத்து, விதை போக வடித்து, எடைக்கு எடை சீனி போட்டுக் கிண்டுங்கள். சீனியைக் குறைத்தால் இறுகாது, இருக்கவும் மாட்டாது. ஆறிய தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்க வேண்டும், அதுதான் பதம். சூட்டோடு போத்தலில் ஊற்றி 10 நிமிடம் கொதிநீரில் வைத்தால் போதும். மாம்பழத்தில் செய்வதென்றால் முழுக்கப் பழுக்காத, புளிப்பு மாறாத காயை எடுங்கள், சிற்றிக் அசிட்டும் சேருங்கள். கறுத்தக் கொழும்பானை மட்டும் ஜாம் ஆக்காதீர்கள். அது பாவம். பழமாகவே சாப்பிடுங்கள்.

தேசிக்காய் ஊறுகாய்க்கு அடுப்பே தேவையில்லை. ஒரு கிலோ மஞ்சள் பற்றிய காய்க்குக் கால் கிலோ கல்லுப்பு. ஆனையிறவு உப்பு கிடைத்தால் நல்லது. காயைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, அடி பிரியாமல் நாலாகக் கீறி, உப்பை உள்ளே திணித்துச் சாடியில் அடுக்குங்கள். ஊறிய தண்ணீரில் காய் மூழ்கியிருக்க வேண்டும், போதாவிட்டால் இன்னும் தேசிக்காய் பிழிந்து விடுங்கள். ஒரு கிழமை தினமும் குலுக்கி, பிறகு காயை வெளியே எடுத்து வெயிலில் வாட்டி, அந்தத் தண்ணீரிலேயே மறுபடி போடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, ஈரக் கரண்டி கூடவே கூடாது.

வெயிலுக்குப் போவது

தை கடைசியில் மழை விட்டால் புரட்டாதி வரை எங்களுக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. வைகாசியிலிருந்து சோழகக் காற்றும் சேர்ந்துகொள்ளும். காற்றுதான் காயவைக்கிறது, வெயில் துணைக்கு. அதனால் பாயைத் தரையில் விரிக்காமல் நாலு கம்பு நட்டுக் காற்றோட்டமான தட்டில் பரவுங்கள், மேலே பழைய நுளம்பு வலையைக் கட்டுங்கள். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுக்க வேண்டும்.

மோர்மிளகாயில் தொடங்குங்கள், பிழைக்க வாய்ப்புக் குறைவு. பச்சை மிளகாயை நுனி பிரியாமல் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் எடுத்துக் காயவைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போடுங்கள். மோர் முழுக்க உறிஞ்சப்படும்வரை இப்படியே. பிறகு கலகலவென்று சத்தம் வரக் காயவிடுங்கள். பாவற்காயை வட்டமாக வெட்டி உப்பும் மஞ்சளும் பிரட்டிக் காயவைத்தால் வற்றல். வேப்பம்பூ கொட்டுகிற நாளில் உழுந்தோடும் செத்தல் மிளகாயோடும் சேர்த்துத் தட்டினால் வடகம். அதன் பக்குவத்தை அயலில் இருக்கிற ஒரு அம்மம்மாவிடம் பக்கத்தில் நின்று பழகுங்கள், எழுத்தில் வராது.

மீனுக்கு ஒரு எச்சரிக்கை. முல்லைத்தீவுக் கரையில் மீன் மலிந்த நாளில் வாங்கிக் கருவாடு போடப் பார்ப்பவர்கள் வெயிலில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து உப்புப் போடுவார்கள். சூரை, கும்பிளா, சாளை போன்ற மீன்களில் அந்த இடைநேரத்திலேயே ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உண்டாகிவிடும். முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்து, ஒவ்வாமை மாதிரி வருவது அதனால்தான். உப்பும் நெருப்பும் பிறகு அதைப் போக்காது. வாங்கின இடத்திலேயே ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள். குடல், செவுள் எடுத்துக் கழுவி, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு.

ஆடி ஆவணியில் பனம்பழம் விழுகிற காணி இருந்தால் பனாட்டு. களியைப் பிசைந்து வடித்துப் பாயில் ஊற்றி, காய்ந்த படையின் மேல் அடுத்த படை. பிசைந்த விதையை எறியாமல் பாத்தி போட்டால் தை மாசியில் கிழங்கு. பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். நன்றாகக் காய்ந்து பெட்டியில் இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும், மழைக்காலக் கூழுக்கு வேறென்ன வேண்டும்.

உழுந்து, பயறு, கச்சான் மூன்றையும் கடித்தால் சடக்கென்று உடைகிற அளவுக்குக் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத வாளியில் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் வரும். கச்சானில் பூஞ்சணம் வந்தால் அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். அது ஈரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. கறுத்த, சுருங்கிய, கசக்கிற பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வாங்குகிற கச்சானிலும் கசந்ததைத் துப்புவதில் தவறில்லை.

எவ்வளவு போடுவது

மலிவாக இருக்கிறது என்று ஐம்பது கிலோவை வாங்கி இறக்கினால் பாதி அழுகும், மீதி உங்களை அழவைக்கும். கணக்குப் போட்டுத் தொடங்குங்கள். நாலு பேர் உள்ள வீட்டில், தக்காளி விலை ஏறுகிற ஐப்பசியிலிருந்து தை வரை, கிழமைக்கு ஒரு அரை லீற்றர் போத்தல் திறந்தால் பதினாறு பதினேழு போத்தல் போகும். அதற்கு 12 அல்லது 13 கிலோ தக்காளி போதும். வீட்டில் யாரும் தொடாத பாவற்காய் வற்றலைப் பானை நிறையப் போட்டு வைப்பதும் வீண்தான், கொஞ்சம் பிந்திய வீண்.

முதல் வருடத்துக்கு ஆறு போத்தல் தக்காளி, ஒரு சாடி ஊறுகாய், ஒரு சுளகு மோர்மிளகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். போத்தலுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்க வேண்டும். பறித்த அன்றோ மறுநாளோ செய்ய முடியாவிட்டால் அந்தத் தக்காளியைப் போத்தலுக்கு எண்ணாமல் அயலுக்குக் கொடுத்துவிடுங்கள்.